எத்தனை தலையணை

ராத்திரி ஒன்று நாற்பது. பதினேழாம் கட்டில்.
எத்திராஜ், ஐம்பத்தாறு, காசிமேடு ஐஸ் கம்பெனி.
உடன் வந்தவர்: யாருமில்லை என்று எழுதப் போனேன்.
"வண்டி வெளிய நிக்குது சிஸ்டர்" என்றார்.

ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன்.
எண் வரவில்லை.
வேறு விரல். கோடு நடுங்கி அணைந்தது.
இருபத்தாறு வருஷம் ஐஸ்பாளம் தள்ளிய கை,
ஏப்ரல் புழுக்கத்திலும் விறைத்த கை.
என் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன்.
"வேணாம்மா, மீன் கவுச்சி."
வாடையை எழுதவும் படிவத்தில் இடம் உண்டு,
அது வேறு வாடைகளுக்கு.
தொண்ணூறு.
எண்பத்தொன்பது.
தொண்ணூறு.

மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாடி பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.
நாடி முடிந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.
கையை விடாமல் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால்
மூச்சு உடனே நல்ல பிள்ளையாகிவிடும்.
இந்த வேலையில் நான் சொல்லும் ஒரே பொய் என்று சொல்லமாட்டேன்,
எனக்குப் பிடித்த பொய்.
முப்பத்திரண்டு.

"வலி எவ்ளோ? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?"
"ரெண்டு போடு."
நெற்றி வியர்வையைத் துடைத்தேன். சில்லென்று இருந்தது.
"சரியா சொல்லுங்க."
"அப்போ ஒண்ணரை."
மீன் ஏலத்தில் நின்று பழகியவர்,
விலை கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"
"கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளு."
எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.
நினைவு தெளிவு என்று எழுதினேன், அவருக்கு.

அடுத்த கேள்வி அச்சிலேயே இருக்கிறது:
படுக்கும்போது எத்தனை தலையணை?
மூச்சு முட்டுகிறவர்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவார்கள்.
ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மேல் என்று கட்டங்கள்.
எத்திராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.
"வூட்ல கீறதே ஒண்ணு. அது பொண்ணுக்கு."
"அப்போ எப்படித் தூங்குவீங்க?"
"படுத்தா யாரோ மார்மேல குந்திக்கினா மாரி கீது.
பொங்கல்லேர்ந்து மீன்பாடி வண்டிதான்.
டிரம்மு மேல சாஞ்சிக்கினு உக்காந்தே தூங்கிடுவேன்.
காத்து வரும். கொசுதான் பேஜாரு."

பொங்கல் போய் மூன்று மாதம்.
டிக் அடிக்கக் கட்டம் தேடினேன்.

பிறகு கால். கணுக்காலுக்கு மேலே எலும்போரம்
கட்டைவிரலை அழுத்தி ஐந்து எண்ணி எடுத்தேன்.
வடைமாவில் விரல் விட்டதுபோல் குழி அப்படியே நின்றது.
அவரும் எட்டிப் பார்த்தார்,
யாருடைய காலையோ பார்ப்பதுபோல.
"செருப்பு பத்தலன்னு ஒம்பது நம்பரு வாங்கிக்கினேன்" என்றார்.
"ஏழுதான் நம்ம சைஸு."

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன்.
தொண்ணூறு என்றேன், முப்பத்திரண்டு என்றேன்.
ம், ம், என்று தூக்கக் குரல்.
"மூணு மாசமா உட்கார்ந்தே தூங்குறார் சார்."
அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

கட்டிலைத் தூக்கும் கைப்பிடி சுற்றவில்லை.
அது போன தீபாவளியிலிருந்தே சுற்றுவதில்லை.
காலிக் கட்டில்களிலிருந்து உறையில்லாத தலையணைகள் எடுத்து வந்து
முதுகுக்குப் பின்னால் அடுக்கினேன்.
"இத்தினியும் எனக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆக்சிஜன். ஊசி. குடுவை.
விடிவதற்குள் ஆயிரத்து நானூறு மில்லி.
மூச்சு இருபத்து நான்கு. இந்த முறை ஏமாற்றவில்லை,
தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து.

காலை ஷிப்ட் ஜெபமேரி படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.
"ஓரத்துல என்ன, மீன்பாடி வண்டின்னு எழுதியிருக்க?"
"அதைத்தான் முதல்ல படிக்கணும்" என்றேன்.

கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்தில்
அந்த வண்டி நின்றது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்.
அந்த மூச்சோடு குனிந்து பூட்டியிருக்கிறார்.
நீல டிரம். தலை படும் இடத்தில்
வட்டமாக எண்ணெய்க் கறை.
கட்டைவிரலை அங்கே வைத்தேன்.
ஐந்து எண்ணுவதற்குள் பஸ் வந்துவிட்டது.